டைம்டேபிள் குழந்தைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போடுங்க!



இன்னைக்கு உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க யு.பி.ஐ. ஆப்ல போன மாசத்து ஹிஸ்டரியைத் திறங்க. தொகையைப் பார்க்காதீங்க. பணம் எத்தனை மணிக்குப் போயிருக்குன்னு மட்டும் பாருங்க.

வீட்டுல ஒண்ணரை, ரெண்டு வயசுல ஓடிக்கிட்டே இருக்கிற குழந்தை இருந்தா, சில நேரங்கள் திரும்பத் திரும்ப வரும். காலை பத்தரை வாக்குல பிஸ்கட், பால் பாக்கெட். சாயங்காலம் ஏழு மணிக்கு ஹோட்டல் பார்சல். ராத்திரி ஒன்பதரைக்கு அவசரமா டயபர். தனித்தனியாப் பார்த்தா எல்லாமே சின்னத் தொகைதான். ஆனா நேரத்தை வச்சு அடுக்கிப் பார்த்தா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியும். குழந்தைக்குப் பசிக்கிற நேரம், நமக்கு மீட்டிங் இருக்கிற நேரம், ரெண்டு பேரும் களைச்சுப் போற நேரம், இந்த மூணுலதான் பணம் கசியுது.

அதனால, குழந்தை இருக்கிற வீட்டுல பண பட்ஜெட்டுக்கு முன்னாடி நேர பட்ஜெட் போடணும். அதை எப்படிப் போடுறதுன்னு பார்க்கலாம்.

24 மணி நேரத்துக்கு ஒரு கணக்கு

பட்ஜெட் போடும்போது தவிர்க்க முடியாத செலவை முதல்ல எழுதுவோம் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. நாள் முழுக்கப் பரவலா குறைஞ்சது 180 நிமிஷம் ஓட்டம், விளையாட்டு தேவை. ஸ்ட்ரோலர்லயோ உயர நாற்காலியிலயோ ஒரே மூச்சுல ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார வைக்கக் கூடாது. ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், ரெண்டு வயசானா ஒரு மணி நேரத்துக்குள்ளன்னு அதுல சொல்லியிருக்காங்க.

இப்போ கணக்கு போடலாம். தூக்கம் 12 மணி நேரம். விளையாட்டு 3. அஞ்சு வேளை சாப்பாடு, வேளைக்கு அரை மணின்னு 2.5. குளியல், துணி மாத்துறது எல்லாம் 1.5. மொத்தம் 19. மிச்சம் 5 மணி நேரம் இருக்கு. அழுகை, அடம், கொட்டினதைத் துடைக்கிறது, மடியில சும்மா உட்கார்ந்திருக்கிறது எல்லாம் அதுல அடங்கும். அந்த 5 மணி நேரத்தை எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி நினைச்சுக்குங்க. அதையும் வேலையால நிரப்பிட்டா, ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே மொத்த பிளானும் கவுந்துடும்.

மூணாவது காலம்தான் முக்கியம்

நிறைய வீடுகள்ல ஃப்ரிட்ஜ் மேல டைம்டேபிள் ஒட்டியிருக்கும். ரெண்டே காலம்: நேரம், வேலை. ஒரு வாரத்துல அது செத்துடும். ஏன்னா மூணாவது காலம், 'யார்?' அப்படிங்கிறது, அதுல இல்ல. ஆடிட்ல நாங்க முதல்ல கேக்குற கேள்வியே 'இதுக்கு யார் பொறுப்பு?' தான். பேர் இல்லாத வேலை கடைசியில ஒருத்தர் தலையிலதான் விழும். பெரும்பாலான வீடுகள்ல அது அம்மா.

ரெண்டு பேரும் வேலைக்குப் போற, பாட்டி கூட இருக்கிற ஒரு வீட்டுக்கான மாதிரி இது. உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

- காலை 6.30: எழுதல், பால் அல்லது தாய்ப்பால். அம்மா
- 8.00: இட்லி, கொஞ்சம் நெய், சாம்பாரோட பருப்பு. அப்பா
- 8.30: மொட்டை மாடி அல்லது அபார்ட்மென்ட் வளாகத்துல ஓட்டம், பிறகு குளியல். அப்பா
- 10.30: வாழைப்பழம் அல்லது பப்பாளி. பாட்டி
- 12.30: பருப்பு சாதம், மசிச்ச காய், முட்டை. பாட்டி
- 1.00 – 3.00: தூக்கம். இந்த ரெண்டு மணி நேரம் பாட்டிக்கும் ஓய்வு, வேற வேலை குடுக்காதீங்க
- 3.30: தயிர் அல்லது கேழ்வரகுக் கூழ். பாட்டி
- 5.00: வெளி விளையாட்டு. முதல்ல வீடு திரும்புறவங்க
- 7.00: தோசை, உப்புமா அல்லது ரசம் சாதம். அம்மா
- 8.30: விளக்கை அணைச்சுத் தூக்கம். அப்பா

பாட்டி இல்லாத வீடுன்னா, அந்த நேரங்களுக்கு எதிர்ல டே-கேர் அல்லது உதவிக்கு வர்ற அக்கா பேர் வரும். யார் பேரும் வராத நேரம் ஒண்ணு இருந்தா, உங்க வீட்டுப் பிரச்சினை அங்கதான் இருக்கு. அப்புறம் ஒண்ணு: பத்து நிமிஷம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது. மணியை விட வரிசை முக்கியம். விளையாட்டு, சாப்பாடு, தூக்கம்னு வரிசை மாறாம இருந்தா, அடுத்து என்னன்னு குழந்தைக்கே தெரியும்.

குழந்தைக்குத் தனிச் சமையல் வேண்டாம்

நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. அலர்ஜி, எடை குறைவுன்னு எது இருந்தாலும் குழந்தைகள் டாக்டர் சொல்றதுதான் முடிவு. பொதுவா ஒரு வயசு தாண்டின குழந்தை வீட்டுச் சாப்பாடே சாப்பிடலாம். காரமும் உப்பும் போடுறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் எடுத்து வச்சா போதும். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி ஷாப்பிங் எல்லாம் தேவையே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. இட்லி மாவு அரைச்சு வச்சா மூணு நாள் காலை உணவு முடிஞ்சது. பருப்புப் பொடி ஒரு டப்பா, கேழ்வரகு மாவு ஒரு டப்பா, முட்டை ஒரு டஜன், வாரம் ரெண்டு தடவை முருங்கைக்கீரை. பருப்பு, கீரை, முட்டையில இருக்கிற இரும்புச்சத்துதான் இந்த வயசுல ரொம்ப முக்கியம். தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்தா கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல நல்லா சேரும்.

சாப்பிடவே மாட்டேங்குதேன்னு கவலைப்படுறவங்க முதல்ல பால் அளவைப் பாருங்க. நாள் முழுக்க பாட்டில் பாட்டிலா பால் குடிச்ச குழந்தைக்குச் சோறு இறங்காது. இந்த வயசுல மாட்டுப்பால் அரை லிட்டருக்குள்ள நிறுத்திக்கிறது நல்லது. பால் அதிகமானா இரும்புச்சத்து குறையுற வாய்ப்பும் உண்டு. முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் எதுவும் வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும். கடலையை மசிச்சும் திராட்சையை நீளவாக்குல வெட்டியும் குடுங்க.

என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, இது நம்ம முடிவு. எவ்வளவு சாப்பிடணும்ங்கிறது குழந்தையோட முடிவு. ரெண்டு வாய் சாப்பிட்டு ஓடினா விட்டுடுங்க, மூணு மணி நேரத்துல அடுத்த வேளை வருது. போன் காட்டி ஊட்டுறது கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டுற மாதிரி. இன்னைக்குச் சமாளிச்ச மாதிரி இருக்கும், நாளைக்கு போன் இல்லாம வாயே திறக்காது.

பாக்கெட் வாங்கும்போது ரெண்டு இடம் பாருங்க

ஒண்ணு, யூனிட் விலை. ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலைன்னு எம்.ஆர்.பி. பக்கத்துலயே போட்டிருப்பாங்க. 'குழந்தைகளுக்கான' பாக்கெட்டோட யூனிட் விலையையும், சாதாரணக் கேழ்வரகு மாவு பாக்கெட்டோட யூனிட் விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மத்ததை நான் சொல்லத் தேவையில்ல.

ரெண்டு, பொருட்கள் பட்டியல். எது அதிகமோ அதுதான் முதல்ல வரும். முதல் மூணு இடத்துக்குள்ள சர்க்கரை இருந்தா அது சத்துணவு இல்ல, இனிப்பு. இ-காமர்ஸ் தளங்கள் இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவுல வைக்கக் கூடாதுன்னு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரல்லயே அறிவுறுத்தியிருக்கு.

பக்கத்துல இருக்கிற அங்கன்வாடியையும் மறக்காதீங்க. எடை, உயரம் பார்த்து வளர்ச்சியைப் பதிவு பண்ணுவாங்க. ஐ.டி.ல வேலை பார்க்கிறவங்க போகக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல.

மிச்சமான பணத்தை என்ன பண்றது?

ஒரு உதாரணக் கணக்கு. மாசத்துல 25 அவசர டெலிவரி, ஒவ்வொண்ணுக்கும் கட்டணம் 45 ரூபாய்னா 1,125. எட்டு தடவை சாயங்கால பார்சல், தடவைக்கு 350-னா 2,800. மொத்தம் 3,925. வருஷத்துக்கு 47,100 ரூபாய். உங்க ஹிஸ்டரியில இருக்கிற எண்ணைப் போட்டு நீங்களே பாருங்க.

இதை எஸ்.ஐ.பி.ல போடச் சொல்வேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல! முதல் ஒரு வருஷம் இந்தப் பணத்துல நேரத்தை வாங்குங்க. பாத்திரம், துணி வேலைக்கு ஒரு அக்கா, இல்லைன்னா சாயங்காலம் ரெண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்க ஒருத்தர். ஏன் இப்படிச் சொல்றேன்னா, நேரம் கிடைக்காத வீடு கடைசியில ஒரு சம்பளத்தையே விட்டுக்குடுக்கும்.

'மிச்சம் 20,000 தானே, எதுக்கு வேலை?'

இந்தக் கேள்வி பல வீட்டுல வருது. மனைவி கைக்கு வர்ற சம்பளம் 42,000-ன்னு வைங்க. டே-கேர் 12,000, ஆட்டோ 4,000, வேலைக்கு உதவி 6,000. ஆக 22,000 போயிடுது, மிச்சம் 20,000. 'பேசாம விட்டுடலாமே!'

கழித்தல் சரிதான். ஆனா இந்தக் கணக்குல சில வரி விட்டுப்போச்சு. பேசிக் 20,000 ரூபாய் இருந்து, முழுசுக்கும் பி.எஃப். பிடிச்சா, அவங்க பங்கு 2,400, கம்பெனி பங்கு 2,400. பென்ஷனுக்குப் போற பகுதியையும் சேர்த்து மாசம் 4,800 ரூபாய் கைக்கு வராம சேருது. ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ், வருஷா வருஷம் வர்ற இன்க்ரிமென்ட், மூணு வருஷ இடைவெளிக்கு அப்புறம் மறுபடி வேலை தேடுற கஷ்டம் எல்லாம் இதுக்கு மேல. டே-கேர் செலவு மூணு நாலு வருஷம். சம்பளம் இன்னும் இருபத்தஞ்சு வருஷம். அதுவும் போக, டே-கேர் ஃபீஸை ஏன் எப்பவும் அவங்க சம்பளத்துல இருந்து மட்டும் கழிக்கிறோம்? குழந்தை ரெண்டு பேரோடதுதானே!

ரிசைன் பண்றதுக்கு முன்னாடி ஹெச்.ஆர். கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. 50 பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்ற நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி ஏற்படுத்தணும்னு மகப்பேறு நலச் சட்டத்துல 2017-ல் கொண்டுவந்த திருத்தம் சொல்லுது. அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்க்கவும் உரிமை உண்டு. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடருது.

எல்லாக் கணக்கும் பார்த்துட்டு, 'நான் ரெண்டு வருஷம் குழந்தையோட இருக்கேன்'னு அம்மாவோ அப்பாவோ முடிவெடுத்தா, அது ரொம்ப நல்ல முடிவு. ஆனா அந்த ரெண்டு வருஷமும் அவங்க பேர்ல மாசாமாசம் ஒரு தொகை பி.பி.எஃப்.லயோ வேற முதலீட்டுலயோ போகணும். சம்பாதிக்கிறவர் டேர்ம் இன்சூரன்ஸ் தொகை போதுமான்னும் பார்த்துடுங்க. களைப்புல எடுக்கிற முடிவு வேற, கணக்குப் பார்த்து எடுக்கிற முடிவு வேற.

இந்த வார ஹோம்வொர்க்

1. யு.பி.ஐ. ஹிஸ்டரியில அதிகமாப் பணம் போற ரெண்டு நேரத்தைக் குறிச்சு வைங்க.
2. மூணு காலம் போட்ட டைம்டேபிளை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்க. ஒருத்தர் எழுதி இன்னொருத்தர் தலையாட்டுறது செல்லாது!
3. நாளைக்கு அஞ்சு வேளை என்னன்னு இன்னைக்கு ராத்திரியே ஒரு சீட்டுல எழுதுங்க.

ரெண்டு வாரம் விடாம செஞ்சு பாருங்க. நாலாவது நாள் சொதப்பும், பரவாயில்ல, அஞ்சாவது நாள் தொடருங்க. மாசக் கடைசியில மறுபடி அதே ஹிஸ்டரியைத் திறந்து, அந்த ரெண்டு நேரத்துலயும் என்ன மாறியிருக்குன்னு பாருங்க. டே-கேர் தேர்வு பண்ணும்போது கேக்க வேண்டிய கேள்விகளை அடுத்த வீடியோல பார்க்கலாம்.