வார்னிஷ் அடித்த கொலு பொம்மை வெளுத்துப் போச்சா? தின்னரைத் தொடாதீங்க!

பரணிலிருந்து இறங்கிய பாட்டி காலத்து மீனாட்சி பொம்மைக்குச் சின்னதாக ஒரு டச்-அப். ராத்திரி ஒரு கோட் ஸ்ப்ரே வார்னிஷ். காலையில் பார்த்தால், அம்மனின் பச்சை மேனி விபூதி பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பதறிப்போய் தின்னரால் துடைத்தால் வார்னிஷோடு பழைய வண்ணமும், கையால் வரைந்த கண்ணும் கரைந்துவிடும். இத்தனைக்கும் அடியிலிருக்கும் வண்ணத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஏன் வெளுக்கிறது?

ஸ்ப்ரே வார்னிஷில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிற மாதிரி, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். அது வார்னிஷுக்குள் சிக்கிக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் ஐஸ்கட்டி, தூளாக்கினால் வெள்ளையாகத் தெரியுமே, அதே கதைதான்.

மதுரையில் மழை வலுக்கும் மாதம் அக்டோபர். நவராத்திரி வருவதும் அதையொட்டித்தான். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் வாங்குகிற மண் பொம்மை என்றால் இன்னொரு சிக்கல்: சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்துணியால் துடைத்த கையோடு வார்னிஷ் அடித்தால், ஈரம் உள்ளிருந்தும் வரும். மேட் வார்னிஷில் வேறொரு வில்லன் உண்டு. பளபளப்பைக் குறைக்கும் பொடி டப்பாவின் அடியில் தங்கிவிடும். சரியாகக் குலுக்காமலோ, தடிமனாகவோ அடித்தால் அதுவே வெள்ளைப் படலமாகும்.

சரிசெய்ய முடியுமா?

முதலில் ஒரு நாள் சும்மா விடுங்கள். பிறகு ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் காட்டுங்கள். லேசான வெளுப்பு இதிலேயே தெளியலாம். போகவில்லையா? வெயில் அடிக்கும் நாளில், அதே வகை கிளாஸ் வார்னிஷை மெல்லிசாக ஒரு கோட் அடித்தால், அது பழைய படலத்தை இளக்கி இடைவெளிகளை நிரப்பும். முதலில் பொம்மையின் பீடத்துக்குப் பின்பக்கம் சோதித்துப் பார்ப்பது கட்டாயம். வாட்டர்-பேஸ்டு வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது பால் மாதிரிதான் தெரியும். அதற்கு அவசரப்பட வேண்டாம்.

அடுத்த முறை, போன் வெதர் ஆப்பில் ஈரப்பதத்தைப் பாருங்கள். 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ராத்திரியும் விடியற்காலையும் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், மத்தியான நேரமே சரி. டப்பாவை 2 நிமிடம் குலுக்கி, 20-25 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய கோட்டாக அடியுங்கள். மழை மேகம் தெரிந்தால் அன்றைக்கு டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வார்னிஷ் இல்லாமலும் மீனாட்சி கொலுப்படி ஏறலாம்.