அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று வாங்கிய ஸ்கேட்ஸ்

பள்ளி விடுமுறையில் சிகிச்சைக்கு என்னிடம் வரும் கணுக்கால்களில் பாதிக்கு முறிவெண்ணெய் வாசனை. திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நாகர்கோவில், நெல்லைக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகம். சக்கர ஸ்கேட்ஸ் போட்டு இன்லைன் ஹாக்கி விளையாடியபோது திங்கட்கிழமை மடங்கிய கால், அடுத்த ஞாயிறுதான் என்னிடம் வருகிறது. நடுவில் ஆறு நாள் தடவல். ஸ்கேட்ஸை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தால் காலைவிட இரண்டு சைஸ் பெரிது.

"வளருற பிள்ளைதானே!"

வளரட்டும். ஆனால் உள்ளே குதிகால் ஆடினால் அந்த பூட் கணுக்காலைப் பிடிக்காது. ஹாக்கியில் ஓட்டத்தைவிடத் திடீர் நிறுத்தமும் திருப்பமும்தான் அதிகம். அப்போது மடங்குவது கால்தான். ஹாக்கி ஸ்கேட்ஸ் பொதுவாக வழக்கமான ஷூவைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாகவே பொருந்தும். கடைக்காரருக்கும் இது தெரியும். கையிருப்பைத் தள்ளுவது அவர் பாடு!

இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். லேஸ் அழுத்தி, கணுக்காலின் முன்பக்கத் தசைநாண் வீங்கியதுதான் மிச்சம். இரண்டு சாக்ஸ் போட்டால் கொப்புளம் வரும், பிடிமானம் வராது.

சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்றார். அவருடையது மாதிரி ஸ்கேட்ஸ்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது நேராகப் பறப்பதற்கானது: கணுக்காலுக்குக் கீழேயே முடியும் பூட், 100 மில்லிமீட்டரைத் தாண்டும் சக்கரம். ஹாக்கிக்குக் கணுக்காலை மூடும் விறைப்பான பூட்டும் 72 முதல் 80 மில்லிமீட்டர் சக்கரமும் வேண்டும். சிமெண்ட் தளத்துக்கான கெட்டிச் சக்கரத்தோடு வழவழப்பான உள்ளரங்கில் இறங்கினால் கால் அகன்று வழுக்கும், தொடைஇடுக்குத் தசை இழுத்துக்கொள்ளும். ஹாக்கி ஸ்கேட்ஸில் குதிகால் பிரேக்கும் கிடையாது. நிறுத்தப் பழகிய பிறகு மட்டையைக் கொடுங்கள்.

அந்த எண்ணெயை மூடி வையுங்கள்

வளரும் எலும்பின் முனையில் குருத்துத் தட்டு இருக்கிறது. அங்கே விழும் விரிசல் வெளியே வெறும் சுளுக்கு மாதிரியே தெரியும். அந்தக் காலை உருவி, இழுத்து, 'சுளுக்கு எடுத்தால்' எலும்பு விலகலாம். கால் கோணலாக வளரலாம். வலிமாத்திரை கொடுத்து மறுநாளே ஆட அனுப்புகிறவர்களிடம் என்ன சொல்ல? நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா, கணு எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா, அன்றே வாருங்கள். எக்ஸ்ரே போதும், சிலருக்கு ஸ்கேன்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நனைந்த பூட்டை அப்படியே பைக்குள் போடாதீர்கள். பாதி சேற்றுப்புண் அங்கிருந்துதான்.

வாங்கும் முன்

லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையலாம்; இரண்டு நுழைந்தால் வேண்டாம். கட்டிய பிறகு முழங்காலை மடக்கச் சொல்லுங்கள், குதிகால் எழும்பக் கூடாது. பத்து நிமிஷம் போட்டு நிற்கட்டும். ஆன்லைனில் தள்ளுபடி பார்த்து வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள்.