சிங்கள நெடில் ஏகாரக் குறியின் கணினிக் குறியேற்றம்

சிங்கள வரிவடிவத்தில் எகர உயிர்மெய்யைக் காட்டும் குறிக்குக் 'கொம்புவ' என்று பெயர். தமிழின் ஒற்றைக்கொம்பைப் போன்றே அது மெய்யெழுத்தின் இடப்புறத்தில் நிற்கும், பெயரும் ஒத்துள்ளது. ஆனால் நெடிலாகிய ஏகாரத்திற்குத் தமிழில் இரட்டைக்கொம்பு என்னும் தனிக்குறி வழங்க, சிங்களத்திலோ அதே கொம்புவவுடன் 'அல்-லகுண' என்னும் குறி மெய்யின்மேல் சேர்க்கப்படுகிறது. அல்-லகுண தமிழ்ப் புள்ளிக்கு நிகரானது. தனித்து வருமிடத்து மெய்யின் அகரத்தை நீக்கும். கொம்புவவுடன் வருமிடத்து உயிரை நீட்டும். ஒரே வடிவம் இருவேறு பணிகளைச் செய்வதால் எழும் குறியேற்றச் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்காப்பிய மரபில் எகர ஒகரக் குறில்களே புள்ளி பெற்றன. புள்ளியின்மை நெடிலைக் காட்டியது. சிங்களத்தில் இது மறுதலையாக அமைந்துள்ளது. எனவே புள்ளியின் பணியை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்கு ஏற்றிக் காண்பது பிழையாகும்.

யூனிகோடு தரத்தின் மூன்றாம் பதிப்பில் (1999) சிங்களம் இடம்பெற்றது. பதின்ம எண்முறையில் கூறுவதாயின், 3456 முதல் 3583 வரையுள்ள இடங்கள் அதற்குரியவை. இவற்றுள் கொம்புவவின் எண் 3545; அல்-லகுணவின் எண் 3530; ஏகாரக் குறிக்குத் தனியாக 3546 வழங்கப்பட்டுள்ளது. அத்துடன், 3545, 3530 என்னும் தொடர் 3546-க்கு முற்றும் சமமானது என்றும் தரம் விதிக்கிறது.

'புத்தகத்தின்', 'புத்தகத்தில்' என்னும் பொருள்களில் வரும் 'பொதே' என்ற சிங்களச் சொல்லை எடுத்துக்கொள்வோம். சேர்ப்பு வடிவில் அது 3508, 3548, 3501, 3546 என நான்கு எண்களாலாகும். பிரிப்பு வடிவில் 3508, 3545, 3535, 3501, 3545, 3530 என ஆறாகும். திரையில் இரண்டும் ஒன்றே. இங்கு ஏகாரம் வெறும் ஒலியன்று. வேற்றுமைப் பொருளைத் தாங்கும் உருபாகும். உயர்திணைப் பெயர்களோடு வரும் 'கே' என்னும் ஆறாம் வேற்றுமை உருபும் இக்குறியிலேயே முடிகிறது. ஆகவே இரு வடிவங்களும் கலந்த தரவில் தேடும் நிரல், உருபுகளில் ஒரு பகுதியைக் காணாமல் விட்டுவிடும். பிரிப்பு வடிவில் 3530-ஐ எண்ணித் தனிமெய்களைக் கணக்கிடும் நிரலோ, ஒவ்வோர் ஏகாரத்தையும் தனிமெய்யாகக் கொண்டு பிழைபடும்.

இவ்விடர் நீங்கத் தரவு முழுவதையும் ஒரே வடிவிற்கு மாற்றும் இயல்பாக்கம் பயன்படும். எனினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். 'அந்த' என்னும் பொருளுடைய 'ஏ' என்ற சுட்டுச்சொல் தனியுயிரால் எழுதப்படுவது. அதன் எண் 3474. எகரத் தனியுயிரின் (3473) பின் அல்-லகுணவைச் சேர்த்தாலும் கண்ணுக்கு அதே வடிவம் தோன்றக்கூடும். ஆயினும் தரம் இவ்விரண்டையும் சமமெனக் கொள்ளவில்லை. பின்னதைப் பயன்படுத்தலாகாது என்றே கூறுகிறது. 'கொம்பு தெக', அதாவது இரு கொம்பு எனப்படும் ஐகாரக் குறியும் (3547) இத்தகையதே: கொம்புவவை இருமுறை இட்டாலும் அதற்குச் சமமாகாது. இவற்றை இயல்பாக்கம் திருத்தாது. தனி விதிகளால் திருத்துதல் வேண்டும்.

உள்ளீட்டு வரிசையும் கருதத்தக்கது. தட்டச்சு மரபைத் தழுவிய விஜேசேகர விசைப்பலகையில் கொம்புவ முதலிலும் மெய் பின்னரும் தட்டப்படும். சேமிப்பிலோ மெய், கொம்புவ, அல்-லகுண என்பதே முறை. வரிசை மாற்றும் நிரல் கொம்புவவை இறுதிக்குத் தள்ளி, மெய், அல்-லகுண, கொம்புவ என அமைத்துவிட்டால் அத்தொடர் ஏகாரமாகாது. இயல்பாக்கமும் அதனைச் சீர்செய்யாது.

சிங்களத் தரவைக் கையாளும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் மூன்றினை மேற்கொள்ளுதல் நன்று. முதலாவது, உள்ளீட்டின்போதே வரிசையைச் சரிபார்த்தல். இரண்டாவது, சேர்ப்பு வடிவிற்கு இயல்பாக்கம் செய்தல். மூன்றாவது, இயல்பாக்கத்திற்கு அகப்படாத தனியுயிர், ஐகாரம் ஆகியவற்றைத் தனியே திருத்துதல். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது கணினிக்கும் ஒன்றாகும் என்று கொள்ளுதல் இயலாது. அவ்வாறு கொண்டால், முதலில் இழக்கப்படுவது ஓர் எழுத்தன்று. வேற்றுமைப் பொருளே ஆகும்.