உங்களுக்குத் தெரியுமா? கூத்து வாத்தியார் முதல் சீரியல் டைரக்டர் வரை

ரஜினிகாந்த் என்ற பெயர் நாடக மேடையில் பிறந்தது. கே. பாலசந்தர் எழுதிய 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் மேஜருடைய மகன்களில் ஒருவன் பெயர் அது. 1975-இல் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் சிவாஜிராவ் என்ற இளைஞரை அறிமுகம் செய்தபோது, தன் நாடகப் பாத்திரத்தின் பெயரையே அவருக்குச் சூட்டினார் இயக்குநர்.

அந்த ஒரு நாடகம் இன்னொருவருக்கும் பெயர் கொடுத்தது. கண் தெரியாத மேஜராக நடித்த சுந்தரராஜன் காலமெல்லாம் 'மேஜர்' சுந்தரராஜன்தான். நாடகம் இப்படிப் பெயர் சூட்டிய ஆட்கள் தமிழில் நிறைய. டி.கே. சண்முகம் அவ்வையாராக வேடம் கட்டி 'அவ்வை' சண்முகம் ஆனார். ராமதாசர் கதையில் நவாப் வேடம் போட்ட ராஜமாணிக்கம் 'நவாப்' ராஜமாணிக்கம். காத்தாடி ராமமூர்த்திக்கும், ஏன், சோ ராமசாமிக்கும்கூட நாடகப் பாத்திரங்களே பெயர் தந்தன. விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1 அன்று பிறந்த கணேசன், அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்ததைப் பார்த்துப் பெரியார் வைத்த பெயர்தான் 'சிவாஜி'. நடிகருக்கு நிலைத்த பெயர் கிடைத்தது. அந்த வேடத்துக்கு அவரைத் தேர்ந்து, வசனம் சொல்லிக்கொடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டியவரின் பெயர் பல நேரம் நோட்டீசோடு போய்விட்டது. அந்த ஆட்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

'மேஜர் சந்திரகாந்த்' முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்றால் நம்புவீர்களா? பாலசந்தர் அப்போது சென்னை ஏ.ஜி. ஆபீசில் ஊழியர். நன்னிலம் பக்கத்தில் 1930-இல் பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, முத்துப்பேட்டையில் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1950-இல் சென்னைக்கு வந்தவர். ஆபீசில் பல மொழிக்காரர்கள். எல்லாருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் போட்ட நாடகம் பிறகு தமிழாகி, சபாக்களில் ஏறி, 1966-இல் படமாகவும் வந்தது.

பகலில் கணக்கு, மாலையில் ஒத்திகை. பாலசந்தரின் நாடக வாழ்க்கை பல ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது. அவர் குழுவின் பெயர் ராகினி ரிக்ரியேஷன்ஸ். நாகேஷ், சுந்தரராஜன், ஸ்ரீகாந்த் என்று அதில் இருந்தவர்கள் பின்னால் தமிழ் சினிமாவில் நிலைத்தார்கள். நாகேஷும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். சம்பளத்துக்கு வேறு வேலை, மனசுக்கு நாடகம் என்று வாழ்ந்த ஒரு தலைமுறை அது.

'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'நாணல்', 'எதிர்நீச்சல்', 'நவக்கிரகம்'. இவை எல்லாமே முதலில் மேடையில் நடந்தவை, பிறகு படமானவை. 'சர்வர் சுந்தரம்' 1964-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் திரைக்கு வந்தது. மறு ஆண்டு 'நீர்க்குமிழி' மூலம் பாலசந்தரே இயக்குநரானார். அந்தப் படம் நடப்பது ஒரு மருத்துவமனையில். 'எதிர்நீச்சல்' பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டில். மாடிப்படிக்குக் கீழே படுக்கும் மாதுதான் அதன் நாயகன். ஒரே இடம், நிறைய மனிதர்கள், உள்ளே வருவதும் வெளியே போவதுமே கதையின் முடிச்சு. செட் மாற்றக் காசில்லாத நாடகக்காரர் கண்டுபிடித்த வழி இது. பிற்காலத்தில் பணமும் கேமராவும் கைக்கு வந்தபோதும் அவர் அதை விடவில்லை. பாலசந்தரின் பலம் எது என்று என்னைக் கேட்டால், இந்த மேடைப் பழக்கத்தைத்தான் முதலில் சொல்வேன். 'படம் நாடகம் போல இருக்கிறது' என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்த நாடகத்தன்மை இல்லாவிட்டால் மாதுவும் இல்லை, சுந்தரமும் இல்லை.

இசையமைப்பாளர் வி. குமாரும் அவருடைய நாடகங்களிலிருந்து வந்தவர். 'நீர்க்குமிழி'தான் குமாருக்கும் முதல் படம்.

இன்னொருவர் நாடகத்தையும் எடுத்து மரியாதை செய்தவர் பாலசந்தர். விசுவின் 'பட்டினப் பிரவேசம்' 1977-இல் அவர் கையில் படமானது. டெல்லியில் தமிழ் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த கணேசன், 'டெல்லி கணேஷ்' ஆனது அந்தப் படத்தில்தான். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1981-இல் படமாகி, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கோமல் தன் ஸ்டேஜ் ஃப்ரெண்ட்ஸ் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். கடைசி ஆண்டுகளில் 'சுபமங்களா' இதழின் ஆசிரியராக இருந்து நாடக விழாக்களையும் நடத்தினார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய நாள் 1975 ஆகஸ்ட் 15. செவ்வாய்க்கிழமை இரவு நாடகத்துக்காகப் பெட்டி வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியதை ஐம்பது வயது தாண்டிய எல்லாரும் சொல்வார்கள். அதில் நடித்தவர்களும் இயக்கியவர்களும் பெரும்பாலும் சபா நாடகக்காரர்களே. சபாவில் சில நூறு பேர் பார்த்த நாடகம் ஒரே இரவில் அதைவிடப் பல மடங்கு பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

சினிமாவில் உச்சத்தில் இருந்த ஓர் இயக்குநர் டி.வி.க்கு வருவதை அப்போது இறக்கமாக நினைத்தார்கள். பாலசந்தர் அப்படி நினைக்கவில்லை. 1990-இல் தூர்தர்ஷனுக்காக 'ரயில் சிநேகம்' எடுத்தார். பிறகு 'கையளவு மனசு', 'காதல் பகடை', 'பிரேமி', 'அண்ணி' என்று தொடர்ந்தார். தன்னுடைய 'சிந்து பைரவி' (1985) படத்தின் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்து 'சஹானா' என்ற தொடராக ஜெயா டி.வி.யில் தந்தார். அதில் கதாநாயகன் ஜே.கே.பி.யாக வந்தவர் ஒய்.ஜி. மகேந்திரன், மேடையிலேயே வளர்ந்த மனிதர். 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பாலசந்தருக்குக் கிடைத்தது. பேசியவர்கள் எல்லாரும் சினிமாவைப் பற்றியே பேசினார்கள். 2014 டிசம்பர் 23 அன்று அவர் மறைந்தபோதும் அப்படியே. மேடையும் டி.வி.யும் அவர் வாழ்க்கையில் ஓரமாக இருந்தவை அல்ல. அவர் தொடங்கியது மேடையில், திரும்பி வந்தது சின்னத்திரையில்.

'மர்மதேசம்' பார்த்துவிட்டுத் தூங்கப் பயந்த பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகியிருப்பார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், தயாரிப்பு பாலசந்தரின் மின்பிம்பங்கள். அதில் 'விடாது கருப்பு' கதை காவல் தெய்வத்தையும் மனநோயையும் ஒரே ஊரில் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்போது நம் திண்டிவனம், செஞ்சி மண்ணுக்கு வருவோம். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரை ஓ.பி. ராமசாமி ரெட்டியாரின் ஊராக உலகம் அறியும். சுதந்திரம் வந்த நாளில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர். அவருடைய ஆட்சியில், 1947-இல், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் நெடுங்காலப் போராட்டம் நிறைவேறியது அப்போதுதான். இதற்கும் நாடகத்துக்கும் தொடர்பு உண்டு. தொடக்க காலத்தில் மேடையேறத் துணிந்த பெண்களில் பலர் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே ஒரு கம்பெனியை நடத்தினார். நாடகம் பார்க்கத் தனி ரயிலே விட்டார்கள்.

ஓமந்தூரிலிருந்து புதுச்சேரி வெகு தூரமில்லை. அங்கே கருவடிக்குப்பத்தில் தமிழ் நாடகத்தின் பெரிய வாத்தியார் உறங்குகிறார். தூத்துக்குடியில் 1867-இல் பிறந்து, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமான சங்கரதாஸ் சுவாமிகள். 1918-இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் சேர்த்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். ஆறு வயதுப் பிள்ளையாக அதில் சேர்ந்தவர்தான் டி.கே. சண்முகம். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாக நாடக உலகம் இன்றும் சொல்கிறது.

சுவாமிகள் நடிப்பை நிறுத்தியதற்கும் ஒரு கதை உண்டு. சனீஸ்வரன் வேடத்தில் அவர் வந்து நின்றதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சியில் பாதிக்கப்பட்டாராம். அன்றோடு வேடம் கட்டுவதை விட்டுவிட்டு, எழுதுவது, பயிற்றுவிப்பது என்று இருந்துவிட்டார் என்பார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு அவர் பெயர்தான். அதைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி.

கம்பெனி வாத்தியார்களில் எம். கந்தசாமி முதலியாரை மறக்கக் கூடாது. புராணக் கதைகளே ஓடிய காலத்தில், ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களை மேடையேற்றியவர் அவர். நடிகர் எம்.கே. ராதா அவருடைய மகன்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபாவுக்கும் முன்பே, 1891-இல், சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். நீதிமன்றத்தில் நீதிபதி, மாலையில் நடிகர், இயக்குநர், ஆசிரியர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். படித்தவர்கள் மேடையேறுவதைக் கேவலமாக நினைத்த காலத்தில் அந்த எண்ணத்தை மாற்றிய மனிதர்.

செஞ்சிப் பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகச் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இங்கே வந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதினார். அவருடைய பெரிய நூலின் முதல் தொகுதியின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. அந்த வழிபாட்டோடு வளர்ந்ததுதான் நம் தெருக்கூத்து. கூத்து வாத்தியார் என்ன செய்வார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யார் துரியோதனன், யார் பாஞ்சாலி என்று முடிவு செய்வது அவர். எல்லாருடைய பாட்டும் அவருக்கு மனப்பாடம். மறந்தவனுக்குப் பின்பாட்டில் அடியெடுத்துக் கொடுப்பார். விடிய நேரமிருந்தால் கதையை நீட்டுவார், மழை வருவது போலிருந்தால் சுருக்குவார். தாளில் ஒரு வரி இருக்காது.

செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து மனம் மாறியவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. 1977-இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று ஒரு வரிசையே வந்தது. புரிசைக் குழு மகாபாரதத்தோடு நிற்காமல் வெளிநாட்டு எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபால் கட்டைக்கூத்துச் சங்கம் வழியாகப் பெண் பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுக்கொடுத்தார். ஆண்களே பாஞ்சாலி வேடம் கட்டி வந்த மேடைக்கு இது சின்ன விஷயமில்லை.

கடல் தாண்டியும் கூத்துக்கு இப்படிப் புது வாழ்வு கிடைத்தது. இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமத்துக் கூத்தை மாணவர்களைக் கொண்டு புதிதாக மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' இரண்டும் 1960-களில் வந்தவை. அவற்றில் ஆடிய மாணவர் மௌனகுரு பின்னாளில் தானே பேராசிரியராகி அந்த வேலையைத் தொடர்ந்தார்.

நாடகம் போட போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது. நம் காலத்திலும் அப்படித்தான் இருந்தது. 1876-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த நாடகச் சட்டம் போதாதென்று, சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் சென்னை மாநிலம் தனியாக ஒரு சட்டம் போட்டது. எம்.ஆர். ராதாவின் 'ராமாயணம்' நாடகம் கிளப்பிய சூடு அதற்குக் காரணம். அதன்பின் நாடகப் பிரதியைக் காவல்துறை படித்துப் பார்த்த பிறகே மேடை. இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் பத்திரிகையாளர் ஞாநி. 1978-இல் பரீக்ஷா நாடகக் குழுவைத் தொடங்கியவர். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் நாடகம் போடும் ஒவ்வொரு கல்லூரி மாணவனும் ஞாநிக்குக் கடன்பட்டிருக்கிறான்.

இனி சீரியல் டைரக்டர்களுக்கு வருவோம். அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மீதி இருப்பது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதையும் வாரம் ஐந்து ஆறு நாள், ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டும். திருச்செல்வத்தின் 'கோலங்கள்' 1500 பகுதிகளைத் தாண்டியது. அன்றைக்கு எழுதி வந்த வசனத்தைப் படப்பிடிப்பில் உதவி இயக்குநர் வாய்விட்டுச் சொல்ல, நடிகர் வாங்கிப் பேசுவார். சைடு விங்கில் நின்று வாத்தியார் அடியெடுத்துக் கொடுத்த அதே முறைதான்.

'மெட்டி ஒலி' திருமுருகன் இன்னும் ஒரு படி போனார். 2014 மார்ச்சில் 'நாதஸ்வரம்' தொடரின் 1000-ஆவது பகுதியை நேரலையாகவே ஒளிபரப்பினார். இருபத்து மூன்று நிமிடத்துக்கு மேல், வெட்டு இல்லாமல் ஒரே ஷாட். தவறினால் இன்னொரு டேக் கிடையாது. கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது. மேடை நாடகத்தில் இது ஒவ்வொரு இரவும் நடப்பது என்றாலும், நூறு பேர் நடமாடும் இடத்தில் கேமராவையும் நகர்த்திக்கொண்டு அதைச் செய்தது பெரிய துணிச்சல்.

இவ்வளவு பெயர்களும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒன்றுதான்: யாரோ எழுதி வைத்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு டி.கே. சண்முகம் எழுதியது. திண்டிவனம், ஓமந்தூர், மயிலம், செஞ்சி என்று ஊருக்கு ஒரு கூத்து வாத்தியாராவது இருந்திருப்பார். அவர்களைப் பற்றி எழுதியவர் குறைவு. வரும் திரௌபதி அம்மன் திருவிழாவில் உங்கள் ஊர் வாத்தியாரிடம் உட்கார்ந்து, அவர் யாரிடம் கற்றார், அந்த வாத்தியார் யாரிடம் கற்றார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.