வீட்டுத் தோட்டத்தில் கிலுகிலுப்பை

மும்பையில் தாராவியை ஒட்டி, மித்தி நதிக்கரையில், முன்னாளில் நகரத்துக் குப்பை கொட்டப்பட்டு வந்த இடம் இன்று ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக விளங்குகிறது. 1994-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட இப்பூங்கா, குப்பை மேட்டிலும் செடிகொடிகள் வேரூன்றிவிட்டால் வண்ணத்துப்பூச்சிகள் தாமாகவே வந்து சேரும் என்பதற்குக் கண்கூடான சான்றாகும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு மாடி முகப்பில் இதனைச் சிறு அளவில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஏற்ற செடி கிலுகிலுப்பை. முற்றிய நெற்றை அசைத்தால் உள்ளிருக்கும் விதைகள் கிலுகிலுவென ஒலிப்பதால் இப்பெயர் வந்தது.

நம் நாட்டில் இயல்பாக வளரும் இச்செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறவல்லது. ஆதலால் வளங்குன்றிய மண்ணிலும் வளரும். இதன் மஞ்சள் மலரில் மகரந்தம் கீழிதழ்களுக்குள் மூடிக் கிடக்கிறது. கரிய பெரிய தச்சுவண்டு வந்தமர்ந்து தன் பாரத்தால் அவ்விதழ்களை அழுத்தும்போதுதான் அது வெளிப்பட்டு வண்டின் வயிற்றில் ஒட்டுகிறது. சிறு பூச்சிகளுக்கு அவ்வலிமை இல்லை. தச்சுவண்டு உலர்ந்த மரத்தைக் குடைந்து கூடமைப்பது; எனவே தோட்டத்தில் ஒரு பட்ட கிளையை விட்டுவைப்பது பயனுடையது.

விதையின் தோல் கடினமானது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஓரிரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அடியில் துளையுள்ள தொட்டியில் ஊன்ற வேண்டும். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால், தொட்டியில் நீர் தேங்கினால் நாற்று அழுகிவிடும். நல்ல வெயில் இன்றியமையாதது.

காய்களில் புழுக்கள் காணப்பட்டவுடன் மருந்து தெளிக்கப் பலர் முற்படுவர். அப்புழுக்களுட் சில, சிறிய நீல வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகளே. மருந்து தெளித்தால் தோட்டம் போட்டதன் நோக்கமே கெட்டது. அவ்வாறே, வாடிய செடியையும் உடனே பிடுங்கலாகாது. நீல வரிகளையுடைய ஆண் வண்ணத்துப்பூச்சிகள் காய்ந்த தண்டையும் இலையையும் சுரண்டி, அவற்றிலுள்ள கசப்புச் சத்தை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணப்பொருளை அதிலிருந்து ஆக்கிக்கொள்கின்றன.

அதே சத்துதான் மாடு, குதிரை முதலியவற்றின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, மனிதருக்கும் தீங்கானது. பள்ளியில் வளர்ப்பதாயின், நெற்றுகள் சிறுவர் கைக்கு விளையாட்டுப் பொருளாகுமுன் ஆசிரியரே அவற்றைப் பறித்து, அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதையைப் புட்டியில் அடைத்துப் பூட்டி வைத்தல் வேண்டும்.