தேயிலைக் கொழுந்தின் நொதியமும் புரதங்களை நிறுத்தறியும் முறையும்

ஒரு பொருளை அதன் தொழிலால் அறிதல் வேறு; அதன் உறுப்புக்களால் அறிதல் வேறு. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வோன் நெருப்புண்டென அறிவானேயன்றி, எரிகின்ற விறகு யாதென அறியான். உயிர்ப்பொருள்களிலுள்ள புரதங்களைப் பற்றிய அறிவும் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்தது. இலங்கை மலைநாட்டின் தேயிலை இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிற் கொய்யப்படும் கொழுந்து பச்சை நிறமுடையது. அதிலிருந்து ஆக்கப்படும் தேயிலையோ கருநிறமுடையது. தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டப்பட்டு உருட்டப்படும்பொழுது அதன் கலங்கள் சிதைகின்றன. அதுவரை வெவ்வேறிடங்களில் ஒதுங்கியிருந்த இருவகைப் பொருள்கள் அப்பொழுது கலக்கின்றன. ஒருவகை, கற்றெக்கின் முதலிய பொலிபீனோல்கள். கொழுந்தின் உலர்நிறையில் நான்கிலொரு பங்களவுக்கு இவை அமைவதுண்டு. மற்றையது பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம். இந்நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு கற்றெக்கின்களைக் குவினோன்களாக்குகின்றது. குவினோன்கள் தம்முட்கூடித் தேநீருக்கு நிறமும் சுவையும் நல்கும் தியாபிளேவின் முதலியனவாகின்றன. பின்னர் உலர்த்தியின் வெப்பம் நொதியத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. "நொதித்தல்" எனத் தொழிற்சாலையில் வழங்கும் இம்மாற்றத்தை நடத்துவன நுண்ணுயிர்களல்ல. இலையின் சொந்தப் புரதமேயாம்.

இப்புரதத்தை ஆராயும் முயற்சி மலைநாட்டிலேயே நிகழ்ந்தது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ளது. இலங்கைத் தேயிலையின் நொதித்தலைப் பற்றிச் சிறீரங்காச்சார் 1940களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள், இந்நொதியம் செம்பைக் கொண்ட ஒரு புரதம் என்னும் கொள்கையை வலியுறுத்தின. 1964இல் சாண்டர்சன் என்பார் தேயிலைத் தளிரிலிருந்து இதனைக் கரையும் நிலையிற் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார். எனினும் நொதியம் அறியப்பட்டது அதன் தொழிலைக் கொண்டே. எவ்வளவு ஒட்சிசனை எவ்வளவு நேரத்தில் உட்கொள்கின்றது என்பதே அதன் அளவுகோலாயிற்று.

புரதமென்பது அமினோவமிலங்கள் மணிகள்போல் ஒழுங்காகக் கோக்கப்பட்ட மாலை. அக்கோவையின் ஒழுங்கை அறிந்தாலன்றிப் புரதம் இன்னதெனத் துணிதல் அரிது. அவ்வழியைத் திறந்தவர் பிரெடெரிக் சாங்கர். 1945இல் அவர், புரத மாலையின் தொடக்க முனையிலுள்ள அமினோத்தொகுதியோடு இணைந்து மஞ்சள் நிறந்தரும் ஓர் இரசாயனப் பொருளைப் பயன்படுத்தினார். மாலையைச் சிதைத்த பின்னும் மஞ்சள் அடையாளம் முதல் மணியோடு ஒட்டியிருக்கும். எனவே அம்மணி யாதெனக் கண்டுகொள்ளலாம். இவ்வகையில் இன்சுலினின் ஒழுங்கை வகுத்த அவர் 1958இல் நொபெல் பரிசு பெற்றார். இரசாயன அடையாளமிடல் என்பதன் அடிப்படை இதுவே.

இக்காலத்தில் நிறத்தின் இடத்தை நிறை பெற்றுள்ளது. முதலில், திரிப்சின் என்னும் நொதியத்தாற் புரதம் சிறு பெப்தைட்டுத் துண்டுகளாக வெட்டப்படுகின்றது. அது இலைசீன், ஆர்ஜினின் என்னும் இரு மணிகளை அடுத்தே வெட்டுமாதலால், துண்டுகள் எழுந்தவாறன்றி ஒரு விதிப்படி அமைகின்றன. துண்டுகள் மின்னேற்றம் பெற்றுத் திணிவு நிறமாலைமானியுட் புகுந்து நிறுக்கப்படுகின்றன. பெரிய மூலக்கூறுகளைச் சிதையாமல் ஆவிநிலைக்குக் கொணரும் வழிகளைக் கண்ட ஜோன் பென், கொய்ச்சி தனாக்கா ஆகியோருக்கு 2002இல் நொபெல் பரிசிற் பங்கு கிடைத்தது.

இனி, நிறை மட்டும் போதுமோ எனின், போதாது. தோட்டத்தில் மாலையிற் கொழுந்து நிறுக்கும்பொழுது, அருகருகே இருக்கும் இரு கூடைகள் ஒரே நிறையினவாயின் எது எவருடையதென நிறையால் அறிய முடியாது. பெயர் குறித்த அடையாளம் வேண்டும். அங்ஙனமே இலைசீன் 128.095 அலகும், குளுத்தமீன் 128.059 அலகும் நிறையுடையன. இவற்றிடை வேற்றுமை மிகச் சிறிது. ஆனால் இலைசீனுக்குள்ள தனி அமினோத்தொகுதி குளுத்தமீனுக்கு இல்லை. அத்தொகுதியோடு மட்டும் சேரும் அடையாளத்தை இட்டால் இலைசீன் தெளிவாக வேறுபடும்.

போமல்தீகைட்டைக் கொண்டு செய்யப்படும் அடையாளமிடல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. சாதாரண போமல்தீகைட்டால் ஒவ்வோர் அமினோத்தொகுதியும் 28 அலகு கூடும். பார ஐதரசனைக் கொண்ட போமல்தீகைட்டால் 32 அலகு கூடும். பச்சைக் கொழுந்தின் பெப்தைட்டுகளுக்கு முன்னதையும், வாட்டிய கொழுந்தின் பெப்தைட்டுகளுக்குப் பின்னதையும் இட்டு இரண்டையும் கலந்து நிறுத்தால், ஒவ்வொரு பெப்தைட்டும் இரட்டையாகத் தோன்றும். இரட்டையின் உயரங்களை ஒப்பிட்டால் வாட்டுதலால் எப்புரதம் பெருகியது, எது குறைந்தது என்பது விளங்கும். ஆர்ஜினினில் முடியும் துண்டில் ஓர் அடையாளமே ஏறுமாதலால் இடைவெளி 4 அலகாகும். இலைசீனில் முடிவதாயின் இரண்டேறி 8 அலகாகும். ஆகவே இடைவெளியே துண்டின் இறுதி மணியையும் உணர்த்துகின்றது.

தேயிலையில் இம்முறைக்கு ஓர் இடையூறு உண்டு. இலையை அரைத்தவுடன் தோன்றும் குவினோன்கள், புரதத்திலுள்ள சிசுத்தீனின் கந்தகத்தையும் இலைசீனின் அமினோத்தொகுதியையும் பற்றிக்கொள்கின்றன. புரதம் கரையாத கசடாகின்றது. எனவே இலையைக் கடுங்குளிரில் அரைத்து, பொலிபீனோல்களை உறிஞ்சும் பொருளொன்றைச் சேர்த்த பின்னரே புரதம் பிரிக்கப்படுகின்றது. ஆயினும் உற்று நோக்கின், இவ்விடையூறும் ஒருவகை அடையாளமிடலே. எபிகற்றெக்கினின் குவினோன் ஒன்று சேருமிடத்துப் பெப்தைட்டின் நிறை 288 அலகு கூடும். அக்கூடுதலைத் தேடுவதன்மூலம் நொதித்தலின்போது எப்புரதத்தின் எவ்விடம் பற்றப்பட்டதென ஆராயலாம்.

கொழுந்தின் நிறையிற் கூடையின் நிறை கழிக்கப்படுதல்போல, அடையாளத்தின் நிறையும் இங்கே கழிக்கப்படல் வேண்டும். கழிவு பிழைத்தாற் கூலி பிழைக்கும் என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நன்கறிவர். ஆய்வுகூடத்திலோ முடிபு பிழைக்கும். சிசுத்தீனை மூடுதற்கு வழக்கமாக இடப்படும் அயடோவசற்றமைட்டு சேர்க்கும் நிறை 57.02 அலகு. கிளைசீன் என்னும் மணியின் நிறையும் அதுவே. ஆகையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மயக்கம் நேர்தல் கூடும். மேலும், நிறுத்தறிந்த துண்டுகளை ஒப்புநோக்க ஒரு பட்டியல் வேண்டும். தேயிலையின் மரபணுத்தொகுதி முதன்முதலாக 2017இல் வெளியானதன் பின்னரே அப்பட்டியல் விரிவடைந்தது. பட்டியலில் இல்லாத புரதத்துக்குத் தராசு பெயர் கூறாது.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், பொலிபீனோல் ஒட்சிடேசை ஆக்கும் மரபணுக்கள் தேயிலையில் ஒன்றுக்கு மேற்பட்டன. எந்தச் செடிவகையின் தளிரில் எவ்வடிவம் எவ்வளவு உண்டென்பதைத் தொழிலளவு மட்டும் காட்டாது. நிறுத்தறியும் முறை காட்டவல்லது. அவ்வறிவு நல்ல செடிவகைகளைத் தெரிந்தெடுத்தற்கும், வாட்டுதலையும் நொதித்தலையும் செம்மைப்படுத்துதற்கும் துணையாகும். மலைநாட்டுத் தேயிலையின் விலையையும், அதனால் வாழ்வோரின் வருவாயையும் தாங்கும் தூண்களுள் ஒன்று இரண்டிலையும் மொட்டுமாகிய தளிரினுள் ஒளிந்திருக்கும் இச்சிறு புரதமாதலின், அதன் தொழிலோடு அதன் அமைப்பையும் அறிதல் மாணவர்க்கும் அறிஞர்க்கும் உரிய கடமையாகும்.