இந்தப் படம் எந்த வட்டம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வீடுகள் வரிசை வரிசையாக ஒரே சாயலில் இருக்கும். பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மிஞ்சுவது பழைய போட்டோக்கள்தான். வாசலில் நிற்பவர் யார், எந்த வட்டம் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க ஊரே உதவலாம். 2008-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சுமார் 3,000 பழைய படங்களை இணையத்தில் வெளியிட்டது. பல படங்களுக்கு ஊரும் பேரும் சொன்னது பொதுமக்களே!

நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கியது 1957-ல். அன்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். எனவே தள்ளிப்போடாதீர்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பெரியவர்களிடம் நேரிலும் காட்டுங்கள். பின்னால் தெரியும் மரம், தண்ணீர்த் தொட்டி, கோயில் எல்லாமே துப்புதான். தெரிந்ததும் பெயர், வட்டம், ஆண்டு மூன்றையும் படத்தின் பின்புறம் பென்சிலால் அழுத்தாமல் எழுதிவையுங்கள்.